ஜீப் இன்ஜினும் கொழும்புப் பெட்டியும்

எங்கள் வீட்டுக் கொல்லையில் ஒரு கார் நின்றது என்று சொன்னால், ஏதோ வசதியான குடும்பம் என்று நினைத்துவிடுவார்கள். அது வாடகைக் கார். வெள்ளைக்காரன் காலத்தில் மலைமேல் ஏதோ ஒரு எஸ்டேட் துரை ஓட்டித் தேய்த்து, பிறகு செங்கோட்டையில் ஒருவர் வாங்கி ஓட்டித் தேய்த்து, மிச்சம் மீதி என் வீட்டுக்காரர் கைக்கு வந்தது. குற்றாலத்தில் சீசன் தொடங்கினால் தென்காசி ஸ்டேஷன் வாசலில் நிற்கும். ரயிலை விட்டு இறங்குகிறவர்களை ஏற்றிக்கொண்டு மேலகரம் வழியாக அருவிக்குப் போகும், வரும். சீசன் முடிந்தபின் கல்யாணம், ஆஸ்பத்திரி, வீரகேரளம்புதூர்ப் பக்கம் வயல் பார்க்கப் போகிறவர்கள் என்று அவ்வப்போது ஏதாவது கிடைக்கும். ஆனால் சீசனில் ஓடுவதுதான் எங்களுக்கு வருஷம் முழுவதும் சோறு.

நான் சொல்வது ஐம்பதுகளில் நடந்தது. எனக்குக் கல்யாணமாகி இரண்டாவது கோடை அது. நல்ல வெயிலில் செங்கோட்டைக்கு அப்பால் ஏற்றத்தில் போய்க்கொண்டிருந்தபோது தண்ணீர் வற்றி, இன்ஜின் கொதித்து, வெடித்தே போய்விட்டது. காரை மாட்டைக் கட்டி இழுத்து வந்தார்கள். தெருவே வேடிக்கை பார்த்தது. நான் கதவிடுக்கு வழியாகப் பார்த்தேன். அவர் யார் முகத்தையும் பார்க்காமல் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உள்ளே உட்கார்ந்திருந்தார்.

மேலகரத்தில் இருந்து ஒரு மெக்கானிக் வந்து பார்த்தார். பஸ் கம்பெனி ஒன்றில் வேலை செய்கிறவர். என் வீட்டுக்காரரைவிட மிகவும் மூத்தவர் என்பதால் நாங்கள் இருவருமே அவரை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவோம். இந்த இன்ஜினை இனிப் பழைய இரும்புக்குத்தான் போடவேண்டும் என்று சொன்னவர், யுத்தம் முடிந்தபின் மிலிட்டரிக்காரர்கள் கழித்துப் போட்ட ஜீப்புகளின் இன்ஜின் மதுரையில் கிடைக்கும், அதை இதில் ஏற்றலாம் என்றார். இவரும் போய் லாரியில் ஒன்றை ஏற்றிக்கொண்டு வந்தார். கார் ஒரு ஜாதி, இன்ஜின் ஒரு ஜாதி. கொல்லன் பட்டறையில் இன்ஜினைத் தாங்கப் புதிதாகக் கால்கள் அடித்து, தகடு கடைந்து, எப்படியோ அதை உட்கார வைத்துவிட்டார்கள்.

அந்த அண்ணாச்சிக்கு ஒரு வழக்கம் உண்டு. யார் வண்டியாக இருந்தாலும் ஸ்டார்ட் பண்ணுவதற்கு முன்னால் ஒரு கற்பூரத்தைக் கொளுத்தி வைத்து, வண்டியை வலமாக ஒரு சுற்றுச் சுற்றிக் கும்பிடுவார். எங்கள் கொல்லையிலும் அப்படித்தான். அவர் சுற்றி முடிக்கும்வரை என் வீட்டுக்காரர் பொறுமையாக நிற்பார். பிறகு பிஸ்மில்லா சொல்லி, வண்டி மூக்கில் சொருகிச் சுற்றுகிற ஹேண்டிலைப் பிடிப்பார். என் மாமி, அதாவது அவருடைய உம்மா, சமையலறை ஜன்னல் வழியாக எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருப்பாள். அண்ணாச்சி போனதும் கற்பூரம் எரிந்த இடத்தைத் தண்ணீர் விட்டுக் கழுவிவிடுவாள். அடுத்த முறை அவர் வரும்போது சுடச்சுடச் சாயா கொடுப்பாள்.

இந்த வேலையெல்லாம் ஒரு கெடுவுக்குள் நடந்துகொண்டிருந்தது. என் வீட்டுக்காரரின் காக்காவுக்கு, அதாவது அவருடைய அண்ணனுக்கு, கொழும்பில் கடை. தம்பியை அங்கே அழைத்துக்கொள்ள அவர் விசாவுக்கு ஏற்பாடு செய்துவிட்டார். அங்கே வேலை பார்க்கிற எங்கள் அடுத்த தெருக்காரர் ஒருவர் லீவில் வந்திருந்தார். அவர் திரும்பும்போது இவரும் கூடப் போவது என்று பேச்சு. தனுஷ்கோடிவரை ரயில், அங்கிருந்து கப்பல்.

"வண்டி சீசனுக்கு ஸ்டேஷன்ல போய் நின்னுட்டுன்னா நான் போகமாட்டேன் புள்ள. நிக்கலைன்னா வேற வழியில்ல" என்று அவர் சொல்லிவிட்டார்.

ஸ்டேஷன் கார்க்காரர்களுக்குள் ஒரு கட்டு இருந்தது. முதல் சாரல் விழுகிற அன்றைக்குப் பகல் ரயில் வரும்போது யார் யார் வண்டி வாசலில் நிற்கிறதோ, அவர்களுக்குத்தான் அந்தச் சீசன் முழுக்க முறை. மறுநாள் வந்து கெஞ்சினாலும் நடக்காது. ஆகவே எங்கள் கெடு காலண்டரில் இல்லை, மேற்கே மலைமேல் இருந்தது. காலையில் எழுந்ததும் நான் மலையைத்தான் பார்ப்பேன். மேகம் இறங்கியிருக்கிறதா என்று தேடுவேன். ஊரே சாரலுக்கு ஏங்கிக்கொண்டிருந்தபோது, இன்னும் கொஞ்சநாள் விழாமல் இருக்கட்டும் என்று துஆ கேட்டவள் தென்காசியில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

அவர் கடைத்தெருவில் இருந்து பச்சைப் பெயின்ட் அடித்த ஒரு தகரப் பெட்டி வாங்கிவந்து எங்கள் அறை மூலையில் வைத்திருந்தார். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கூட்டுகிற சாக்கில் விளக்குமாற்றுக் கட்டையால் அதை ஓர் இடி இடிப்பேன்.

எனக்கு ஏன் அவ்வளவு ஆத்திரம் என்றால், என் வாப்பா கொழும்பில் இருந்தவர். நான் பிறந்தபோது அங்கே. நடந்தபோது அங்கே. எனக்கு விவரம் தெரிந்து முதல்முறை அவர் வீட்டுக்குள் நுழைந்தபோது நான் கதவுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டேன். சோப்பும் பிஸ்கட் டின்னும் காட்டிக் கூப்பிட்டும் வரவில்லை. அன்றைக்கு உம்மாவின் காதில், "இவுங்க எப்பம்மா போவாங்க?" என்று கேட்டேனாம். உம்மா அழுததும், ஏன் அழுகிறாள் என்று தெரியாமல் நானும் அழுததும் எனக்கு நினைவிருக்கிறது. வாப்பா கடைசியாக ஊரோடு வந்து சேர்ந்தபோது எனக்குக் கல்யாண வயது. ஹஜ்ஜும் செய்துவிட்டு வந்தார். வந்த புதிதில் முற்றத்தில் ஒரு பானையைக் கவிழ்த்து வைத்து, கஅபாவை எப்படிச் சுற்றுவது என்று தெருப் பெண்களுக்கெல்லாம் காட்டினார். பானை எப்போதும் இடது பக்கம் இருக்கவேண்டும் என்று சொல்லிச் சொல்லிச் சுற்றினார். நானும் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தேன். அவரோடு எனக்கு ஒட்டுதல் வந்ததே அந்த நாட்களில்தான். அதற்குள் என்னைக் கட்டிக்கொடுத்துவிட்டார்கள்.

இப்போது நான் உண்டாகியிருந்தேன். அதைச் சொன்னபோது என் வீட்டுக்காரர் மிகவும் சந்தோஷப்பட்டார். "அதுக்குத்தானே புள்ள போறேங்கேன்" என்றும் சொன்னார். அன்று மத்தியானம் சோற்றுத் தட்டை நான் அவர் முன்னால் வைத்த சத்தம் நாலு வீட்டுக்குக் கேட்டிருக்கும்.

இன்ஜின் உட்கார்ந்ததும் ஒயரிங் வேலை வந்தது. ஊரில் அந்த வேலை தெரிந்தவர் ஒருவர்தான். சீசனுக்கு முன்னால் எல்லா வண்டிகளும் அவர் வாசலில் நின்றன. நாமே செய்துகொள்ளலாம் என்றார் அண்ணாச்சி. கொல்லையில் கார் நின்ற கொட்டகைச் சுவரில் சுண்ணாம்புக் கட்டியால் படம் போட்டார். பேட்டரியில் இருந்து கரண்டு மீட்டருக்கு வரும், மீட்டரில் இருந்து சாவிக்கு, சாவியில் இருந்து காயிலுக்கு, காயிலில் இருந்து டிஸ்ட்ரிபியூட்டருக்கு. காயில் அதைப் பெரிய கரண்டாக்கித் தடித்த ஒயர் வழியாக டிஸ்ட்ரிபியூட்டர் மூடிக்கு அனுப்பும். மூடிக்குள்ளே ரோட்டார் என்று ஒரு சின்னக் கட்டை சுற்றிச் சுற்றி, நாலு பிளக்குக்கும் முறை வைத்துப் பங்கு கொடுக்கும். ஒன்று, மூன்று, நான்கு, இரண்டு என்பது முறை. வட்டம் போட்டு, எண்களை எழுதி, ரோட்டார் போகும் திசைக்கு ஓர் அம்பும் போட்டார். பழைய வண்டியில் பேட்டரி எந்தப் பக்கம் எர்த், ஜீப்பில் எந்தப் பக்கம் என்றெல்லாம் யோசித்துத் திருப்பி வைத்தார். கவனமான மனிதர்தான்.

வண்டி நின்ற நாட்களில் எலி புகுந்து பாதி ஒயரைக் கடித்துப் போட்டிருந்தது. துணி சுற்றிய பழைய ஒயர்கள். நிறமெல்லாம் வெளுத்து, எது எங்கே போகிறது என்றே தெரியவில்லை.

"எல்லாத்தையும் புடுங்கி எறிஞ்சிரு தம்பி" என்றார் அண்ணாச்சி.

நான் கொல்லைக் கதவருகில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். என்னால் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியாது. முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, "புடுங்காதீங்க மச்சான்" என்றேன். அவர் என் மாமி மகன். அதனால் கல்யாணத்துக்கு முன்னும் பின்னும் எனக்கு அவர் மச்சான்தான்.

எங்கள் உம்மா வீட்டில் தறி உண்டு. தறியில் ஒரு பாவு, அதாவது நீளவாட்டில் ஓடும் நூல், முடிந்து அடுத்த பாவு ஏற்றும்போது, பழைய இழைகளை அறுத்து எறிந்துவிட்டுப் புதிதாகக் கோர்க்க மாட்டார்கள். பழைய இழை ஒவ்வொன்றின் நுனியிலும் புதிய இழையைப் பிணைத்து மெல்ல இழுப்பார்கள். பழையது தான் போன வழியிலேயே புதியதைக் கூட்டிக்கொண்டு வந்துவிடும். உம்மாவோடு உட்கார்ந்து நான் எத்தனையோ பாவு பிணைத்திருக்கிறேன். அதைச் சொன்னேன்.

அண்ணாச்சி தலையைச் சாய்த்து யோசித்தார். "இது நல்லாத்தான் இருக்கு தாயி. எலி கடிக்காத ஒயரு குழாய்க்குள்ள இருக்குல்லா, அதுல கட்டி இழுத்துப் பாப்போம்."

அன்று முதல் அந்தக் கார் எனக்கும் ஆயிற்று. என் வீட்டுக்காரர் உள்ளே ஸ்டியரிங்குக்கு அடியில் மல்லாந்து படுத்து ஒயரை விடுவார். நான் பானெட் பக்கம் நின்று இழுப்பேன். மறுபடி குழம்பக்கூடாது என்று உம்மா வீட்டில் இருந்து சாய நூல் கொண்டுவந்து ஒவ்வொரு ஒயரின் இரு முனையிலும் கட்டினேன். பேட்டரி ஒயருக்குச் சிவப்பு, சாவிக்குப் பச்சை, காயிலுக்கு மஞ்சள். பிளக்குக்குப் போகிற நாலு தடி ஒயருக்கும் ஊதா நூலில் முடிச்சு. முதல் பிளக்குக்கு ஒரு முடிச்சு, இரண்டாவதுக்கு இரண்டு, அப்படியே நாலு வரை. "பொம்பளப் புள்ளைக்கு காருக்குள்ள என்ன சோலி" என்று மாமி முணுமுணுத்தாள். கொஞ்ச நேரம் கழித்து அவளே வந்து, "அந்தப் பச்சைய இன்னும் இறுக்கிக் கட்டுட்டி" என்றாள்.

வேலை முடிந்தது. அண்ணாச்சி பிளக் ஒயர்களை மூடியில் சொருகினார். கற்பூரம் ஏற்றினார், வலமாகச் சுற்றினார். இவர் பிஸ்மில்லா சொல்லி ஹேண்டில் போட்டார். இன்ஜின் பிடித்தது. பிடித்ததே தவிர ஓடவில்லை. டுப், டுப் என்று வெடித்தது, இருமியது, வண்டியே கிடுகிடுவென ஆடியது, கார்பரேட்டர் வாயில் இருந்து தீ கக்கியது. நாலு பேர் தூக்க வேண்டிய கட்டிலை இரண்டு பேர் தூக்கிக்கொண்டு தள்ளாடுகிற மாதிரி இருந்தது. கொஞ்ச நேரத்தில் அணைந்துவிட்டது.

அதற்குப் பிறகு அண்ணாச்சி ஓய்வு கிடைத்தபோதெல்லாம் வந்தார். பிளக்குகளைக் கழற்றிச் சுரண்டினார். பாயின்ட்டை உப்புத்தாளால் தேய்த்தார். கார்பரேட்டரைப் பெட்ரோலில் குளிப்பாட்டினார். ஒவ்வொரு பிளக்காகக் கழற்றிப் பார்த்தால் நாலிலும் பொறி நீலமாக நன்றாகவே அடித்தது. மாட்டி ஓட்டினால் பழையபடி இருமல்தான். ஒவ்வொரு தடவையும் கற்பூரம், வலம், பிஸ்மில்லா, ஹேண்டில், டுப். மாமிக்குக் கழுவிக் கழுவிக் கை ஓய்ந்தது. "இன்ஜினே சரியில்லையோ என்னவோ தம்பி" என்று அண்ணாச்சி ஒருநாள் மெதுவாகச் சொன்னார். அன்று இவர் சட்டைகளை மடித்துப் பச்சைப் பெட்டிக்குள் வைக்க ஆரம்பித்தார். நான் ஒன்றும் பேசவில்லை. பேசாமல் இருக்க எனக்குத் தெரியும் என்பது அவருக்கு அன்றுதான் தெரிந்தது. பயந்துபோய் நாலைந்து தடவை என்னைத் திரும்பிப் பார்த்தார்.

ஒரு காலையில் கண் விழித்தபோது ஓட்டின்மேல் பொசுபொசுவென்று சத்தம். ஜன்னலைத் திறந்தேன். மலை இருந்த இடத்தில் மலையைக் காணோம். ஈரக் காற்று முகத்தில் அடித்தது. தெருவில் யாரோ, "சாரல் விழுந்துட்டுல்லா" என்று சந்தோஷமாகச் சொல்லிக்கொண்டு போனார்கள்.

அண்ணாச்சி அன்றைக்கு லீவு போட்டுவிட்டு மேலகரத்தில் இருந்து சைக்கிளில் நனைந்துகொண்டே வந்தார். அவர் வரவேண்டிய கட்டாயம் ஒன்றுமில்லை. அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு மனம் நெகிழும். காற்றடித்துக் கொட்டகைக்குள் எல்லாம் ஈரம். டிஸ்ட்ரிபியூட்டர் மூடியில் நீர் கோத்திருந்தது. ஒயர்களோடு மூடியைக் கழற்றி, உள்பக்கத்தைத் துடைத்துத் தரும்படி என்னிடம் கொடுத்துவிட்டு, மாமி நீட்டிய சாயாவை வாங்கிக்கொண்டு ஓரமாக உட்கார்ந்தார். நான் பானெட் பக்கத்தில் நின்று முந்தானையால் துடைத்துக்கொண்டிருந்தேன்.

என் வீட்டுக்காரருக்குச் சும்மா நிற்க முடியவில்லை. மூடி இல்லாமல் எதுவும் நடக்காது என்று தெரிந்தும், கோபத்தில் ஹேண்டிலைப் பிடித்து ஒரு சுற்றுச் சுற்றினார். திறந்து கிடந்த டிஸ்ட்ரிபியூட்டருக்குள் ரோட்டார் நகர்ந்ததைப் பார்த்தேன். எனக்கு ஏதோ இடித்தது.

"மச்சான், இன்னொருக்க சுத்துங்க. மெதுவா."

"எதுக்குட்டி?"

"சுத்துங்கங்கேன்லா."

சுற்றினார். ரோட்டார் இடப்பக்கமாகப் போனது. நான் சுவரைப் பார்த்தேன். சுண்ணாம்பு அம்பு வலப்பக்கமாகப் போனது. வாப்பா முற்றத்தில் பானையைச் சுற்றி நடந்தது அப்படியே என் கண்முன் வந்தது.

"அண்ணாச்சி, செவத்துல நீங்க போட்ட அம்பு அங்கன பாத்துப் போகுது. இங்கன இருக்கது இப்படிப் போகுதே. அப்படிப் போகலாமா?" என்று கேட்டேன். அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாது. கேட்கத்தான் தெரிந்தது.

அண்ணாச்சி சாயா டம்ளரைக் கீழே வைத்தார். வந்து குனிந்து பார்த்தார். இவரை இன்னும் ஒருமுறை சுற்றச் சொன்னார். நிமிர்ந்து தலையில் கை வைத்துக்கொண்டார்.

"இது இடமால்லா சுத்துது. பழைய இன்ஜின் வலமாச் சுத்தும். நான் பாத்த பஸ்ஸு எல்லாம் வலமாத்தான் சுத்தும். சாமியச் சுத்துத மாதிரி நானும் கண்ண மூடிக்கிட்டு வலமாவே சொருகிட்டு வந்திருக்கேன் தம்பி. நாலு ஒயருல ஒண்ணும் நாலும் எதிரும் புதிருமா இருக்கதுனால எப்படிச் சுத்துனாலும் சரியாப் போயிரும். ரெண்டும் மூணும்தான் மாறிக் கிடக்கு. அதாம் பாதி இன்ஜின் ஓடுது, பாதி இன்ஜின் சண்ட போடுது."

இந்த மாதிரி நேரத்தில் என் வாய் சும்மா இருக்காது. "எங்க வாப்பா ஹஜ்ஜுல இந்தப் பக்கமாத்தான் சுத்துனாங்களாம் அண்ணாச்சி" என்றேன்.

சொன்ன பிறகுதான் மாமி நிற்பது தெரிந்து நாக்கைக் கடித்துக்கொண்டேன். அண்ணாச்சி ஒரு கணம் என்னைப் பார்த்தார். பிறகு சிரிக்கத் தொடங்கியவர் சிரித்துக்கொண்டே இருந்தார். "அப்பம் இன்ஜின் சரியான வீட்டுக்குத்தான் வந்திருக்கு. எனக்குத்தான் வழி தெரியல" என்றார். மாமிகூட முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

இரண்டு முடிச்சுப் போட்ட ஒயரைப் பிடுங்கி மூன்று முடிச்சுப் போட்டது இருந்த இடத்தில் சொருகினார். மூன்றை இரண்டின் இடத்தில் சொருகினார். அவ்வளவுதான் வேலை. இத்தனை நாள் நாங்கள் பட்ட பாட்டுக்கு அவ்வளவுதான். பிறகு கற்பூரம் ஏற்றினார். எந்தப் பக்கமாகச் சுற்றப்போகிறார் என்று நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். அவர் வழக்கம்போல வலமாகவே சுற்றினார். இவர் பிஸ்மில்லா சொல்லி ஹேண்டிலைப் போட்டார்.

ஒரே போடு. இன்ஜின் பிடித்துக்கொண்டது. இருமல் இல்லை, தீ இல்லை. மெஷினில் துணி தைக்கிற மாதிரி சீராக ஓடியது. பானெட்மேல் கை வைத்தேன். அந்த அதிர்வு உள்ளங்கையில் இருந்து தோள்வரை ஏறியது. எனக்கு அப்போது வந்த சந்தோஷம் கல்யாணத்தன்றுகூட வந்ததில்லை. கல்யாணத்தன்று பயம்தான் இருந்தது.

முகம் துடைக்கக்கூட நேரமில்லை. இரண்டு பேரும் ஏறி உட்கார்ந்தார்கள், வண்டி சந்து திரும்பிப் போய்விட்டது. நான் வாசற்கதவுக்குப் பின்னால் நின்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். கார் சத்தம் தேய்ந்து மறைந்தது. கொஞ்ச நேரத்தில் ரயில் ஊதியது. அதற்குள் ஸ்டேஷனுக்குப் போயிருப்பார்களா, வழியில் மாட்டுவண்டி குறுக்கே நின்றிருக்குமா என்று ஒன்றும் தெரியாது. அன்று பகல் முழுவதும் மாமியும் நானும் ஒருவரோடு ஒருவர் சண்டை போடாமல் இருந்தோம்.

விளக்கு வைக்கிற நேரத்துக்கு அவர் வந்தார். தலை முதல் கால்வரை நனைந்து, கரியும் எண்ணெயுமாக நின்றார்.

"கடைசி எடம்தான் கெடச்சுது. ரயிலு உள்ள வருது, நான் வரிசையில போய் நிக்கேன்" என்றார். "அருவிக்கு மூணு நட போயிட்டு வந்துட்டேன். சாரல்ல ஒரு எடத்துலயும் நிக்கலட்டி."

சாப்பிட்டுவிட்டு அறைக்குள் போனவர், பச்சைப் பெட்டியைத் திறந்து சட்டைகளை எல்லாம் எடுத்துக் கட்டில்மேல் போட்டார். காலிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கொல்லைப் பக்கம் நடந்தார்.

"அத எங்க கொண்டு போறீங்க?"

"ஸ்பேனரு, பிளக்கு எல்லாம் வைக்க வண்டியில ஒரு பெட்டி வேணும்லா" என்றார்.

அந்த வண்டி அந்த இன்ஜினோடு இன்னும் பல சீசன் ஓடியது. மூடியைக் கழற்றும் போதெல்லாம் என் ஊதா முடிச்சுகளைப் பார்த்துத்தான் சொருகுவார்கள். நூல் நைந்துபோனால் நானே புதிது கட்டுவேன்.

எங்களுக்குப் பெண் பிறந்தாள். அவள் நடக்கவும் பேசவும் தொடங்கியிருந்த சீசனில், குற்றாலத்தில் கூட்டம் தாங்காமல், இவர் வீட்டுக்கே வராமல் அங்கேயே வண்டிக்குள் படுத்துக்கொண்டு பல நாள் ஓட்டினார். ஒரு மத்தியானம் திடுதிப்பென்று வாசலில் வந்து நின்றார். முகமெல்லாம் தாடி, கண்கள் உள்ளே போய், எனக்கே ஒரு கணம் அடையாளம் தெரியவில்லை. பிள்ளை அப்போது என் காலடியில், திறந்திருந்த கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அந்தக் கதவையும் அவளையும் பார்த்து நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன்.

அவள் அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு கதவை விட்டுவிட்டுத் தத்தித் தத்திப் போய், அவர் இடுப்பில் கட்டியிருந்த ஈரச் சாரத்தைப் பிடித்துக்கொண்டு, "வாப்பா, வண்டி எங்கன?" என்று கேட்டாள்.

நான் அடுப்படிக்குள் போய் உட்கார்ந்து ஆசைதீர அழுதேன். சோறு அடிப்பிடித்த வாடை வருகிறது என்று மாமி சத்தம் போட்ட பிறகுதான் எழுந்தேன்.